இசிகுவாலாஸ்தோ: கடல் குறுக்கிடாத காலத்தின் எலும்புகள்

அர்ஜென்டினாவின் சான் ஹுவான் மாகாணத்தில், ஆதி டைனோசர் எலும்புகள் கிடைத்த இசிகுவாலாஸ்தோ பூங்காவுக்குப் பேருந்து இல்லை. உள்ளேயும் அவரவர் வண்டியில், வழிகாட்டியின் வண்டியைத் தொடர்ந்து வரிசையாகத்தான் சுற்ற வேண்டும். இதை நன்கறிந்த கார் ஓட்டுநர் ஒருவர், சான் அகுஸ்தின் ஊரில் எங்கள் இரண்டு நாள் விடுதி வாடகைக்கு ஈடான தொகையைப் பேசி அழைத்துச் சென்றுவிட்டு, திரும்பியதும் காத்திருந்ததற்கென்று தனியாகவும் கறந்துகொண்டார். இது அநியாயம். போகிறவர்கள் காத்திருப்புக் கூலியையும் சேர்த்துப் பேசி முடித்த பிறகே வண்டியில் ஏறுங்கள்.

ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில், சாம்பலும் வெளிர்பச்சையுமாக அடுக்கடுக்காய்க் கிடக்கும் அந்த வெற்று மண்மேடுகளைப் பார்த்தபோது பணக்கவலை பறந்தே போயிற்று. படிவுகளுக்கிடையே உள்ள எரிமலைச் சாம்பலைக் கொண்டு, அடிப்பகுதி அடுக்குகளின் வயது சுமார் 23 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். இன்று புல்கூட அரிதாக முளைக்கும் இவ்விடம், ஆறுகள் பாய்ந்த வெள்ளச் சமவெளியாக இருந்த காலம் அது. விக்டோரினோ ஹெரேரா என்னும் ஆடு வளர்ப்பவர் இங்கே கண்ட டைனோசர் எலும்புகளுக்கு, 1963இல் ஹெரேராசாரஸ் என்று அவர் பெயரையே சூட்டினார்கள். 1991இல் கிடைத்த இயோராப்டர் என்னும் டைனோசரோ ஒரு மீட்டர் நீளமே கொண்ட சிறு பிராணி. பிற்காலத்தில் உலகையே ஆண்ட டைனோசர்களின் தொடக்கம் இத்தனை எளியதாக இருந்தது என்பதை அந்த மண்ணில் நின்று உணர்வது பேரனுபவம்.

இரவில் ஊரில் விறகுத்தணலில் வாட்டிய ஆட்டுக்குட்டிக் கறி கிடைத்தது. எலும்பை விட்டுத் தானாகக் கழன்ற அந்தக் கறிக்கு என்ன விலையும் கொடுக்கலாம், ஆனால் அது மலிவாகவே இருந்தது.

என் மனத்தை ஆட்கொண்டது மட்டும் ரிங்கோசார் என்னும் பழங்கால ஊர்வன ஒன்றின் மேல்தாடை. கிளிமூக்குக் கொண்ட தாவரவுண்ணியான அதன் தாடையில் சிறு பற்கள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்க, நடுவே கீழ்த்தாடை வந்து பொருந்துவதற்கான பள்ளம் ஓடுகிறது. அது சேர்ந்த ஹைப்பரோடாபிடான் என்ற பேரினத்தின் எலும்புகள், நம் கோதாவரிப் பள்ளத்தாக்கில் மலேரி எனப்படும் பாறைப் படிவுகளிலும் கிடைத்திருக்கின்றன. அக்காலத்தில் தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் பாஞ்சியா என்னும் ஒரே பெருநிலத்தில் ஒட்டியிருந்தன; அட்லாண்டிக் கடல் பிறக்கவே இல்லை. பாஞ்சியாவின் தென்பாதிக்கு வழங்கும் கோண்டுவானா என்ற பெயரே நம் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து பெற்றதுதான். நான் மூன்று விமானங்கள் மாறி வந்து சேர்ந்த தொலைவு முழுவதும், அந்த விலங்கினத்துக்குத் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தபடியே கடக்கக்கூடிய தரைவழியாக இருந்திருக்கிறது.