திரைக்குத் தெரிய வேண்டாதது

எங்கள் ஐபோன் செயலியில் புஷ் நோட்டிஃபிகேஷனைத் தட்டினால் நேராக ஆர்டர் விவரத் திரை திறக்க வேண்டும் என்று இன்று கேட்டார்கள். அதைத் திறக்கும் நிரல்வரியோ ஆர்டர் பட்டியல் திரையின் பொத்தானுக்குள் புதைந்து கிடந்தது.

அந்த ஒற்றை வரிக்காக, அடுத்த திரை எது, அதற்கு என்னென்ன தரவு வேண்டும் என்பதையெல்லாம் பட்டியல் திரை சுமந்துகொண்டிருந்தது.

2015-இல் நிரலாளர் சொரூஷ் கான்லூ ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) உலகில் பரப்பிய கோஆர்டினேட்டர் முறையில், ‘இந்த ஆர்டர் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று மட்டும் திரை அறிவிக்க, அடுத்து எங்கே செல்வது என்பதைத் கோஆர்டினேட்டர் என்ற தனியொரு ஆப்ஜெக்ட் (நிரலின் ஒரு தனி அலகு) தீர்மானிக்கிறது. நோட்டிஃபிகேஷனும் அதனிடமே வழி கேட்கலாம்.

2022-இல் ஐஓஎஸ் 16-உடன் வந்த, திரைகளை அடுக்கிக் காட்டும் ஆப்பிளின் கருவியான நேவிகேஷன்ஸ்டாக், கடந்து வந்த பாதையையே தரவாக வைத்துக்கொள்ள இடம் தருகிறது. (மூன்றே திரை கொண்ட செயலிக்கு இவையெல்லாம் வீண் ஆடம்பரம்.)

திரைகளை உருவாக்க ஆப்பிள் தரும் பழைய கட்டமைப்பான யூஐகிட்டில் பயனர் பேக் பொத்தானை அழுத்தித் திரும்பியது கோஆர்டினேட்டருக்குத் தானாகத் தெரியாமல், வேலை முடிந்த துணைக் கோஆர்டினேட்டர்கள் நினைவகத்தில் தங்கிவிடுவதுதான் கோஆர்டினேட்டர் முறையின் உண்மையான தலைவலி.