கட்டானுக்கு 24 விநாடி

என்னைக் கேட்டால், உலகத்திலேயே அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட போர்டு கேம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் கூடைப்பந்துதான். பலகை 94 அடி நீளம், காய்களுக்குச் சம்பளம் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். விதியில் ஒரு ஓட்டை இருந்தால் யாராவது ஒரு பயிற்சியாளர் அதில் புகுந்து இரண்டு ஆட்டம் ஜெயித்துவிடுவார். லீக்கும் விழித்துக்கொண்டு, என்றைக்காவது ஒரு சீசனில் அதை அடைத்துவிடும்.

மோனோபொலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பார்க்கர் பிரதர்ஸ் 1935-ல் விற்க ஆரம்பித்த ஆட்டம். ஒருவர் போய் நின்ற மனையை வாங்க மறுத்தால் அதை உடனே ஏலம் விடவேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. யாராவது விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பதில், விதியிலேயே இல்லாத வேலையாக, அபராதப் பணத்தையெல்லாம் ‘ஃப்ரீ பார்க்கிங்’கில் குவித்து, அங்கே வந்து நிற்பவனுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். திவாலாகவேண்டியவன் திவாலாவதில்லை, ஆட்டமும் முடிவதில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் வீட்டில் ஓடுவது கட்டான். கிளவுஸ் டொய்பர் உருவாக்கி 1995-ல் ஜெர்மனியில் வெளியான ஆட்டம். செங்கல், மரம், ஆடு, கோதுமை, தாது என்று சேர்த்து வீடு கட்டி, சாலை போட்டு, முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். ஆடுவது நான்கு பேர். நான், என் மனைவி, என் மச்சான், கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் நண்பன். தணிக்கைக்காரன் விதிப்புத்தகத்தை மடியிலேயே வைத்திருப்பான். மனைவி அதிகம் பேசமாட்டாள், அதிகம் ஜெயிப்பாள். பிரச்சினை மச்சான்தான்.

மச்சான் யோசிப்பான். கையில் ஒரே ஒரு ஆடுதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று, தீவையே வாங்கப்போகிறவன் மாதிரி யோசிப்பான். “அவசரப்படுத்தாதீங்க அத்தான், ஒரு பிளான் இருக்கு” என்பான். அந்த பிளானின் முடிவில் பகடையை அடுத்தவரிடம் தள்ளுவான்.

இந்த நோய்க்கு மருந்து கூடைப்பந்தில் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. 1950 நவம்பர் 22-ஆம் தேதி ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19-18 என்று ஜெயித்தது. முழு ஆட்டத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் ஸ்கோர். எதிரணியில் ஜார்ஜ் மைக்கன் என்ற ஆறடி பத்து அங்குல மலை நின்றதால், பிஸ்டன்ஸ்காரர்கள் பந்தைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றார்கள். அப்படி நிற்கக்கூடாது என்று விதி கிடையாதே! கடைசியில் 1954-ல் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயஸோன் ஒரு கணக்குப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. பார்க்க நன்றாக இருக்கும் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து சுமார் 120 ஷாட் அடிக்கும். வகுத்தால் 24. பிறந்தது ஷாட் கிளாக்: பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாகவேண்டும்.

நானும் வகுத்துப் பார்த்தேன். 75 நிமிடத்தில் முடியவேண்டிய ஆட்டத்தில் ஏறக்குறைய 70 முறை பகடை உருளும். ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே வந்தது. ஆனாலும் நான் 24 விநாடிதான் வைத்தேன். மரபு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

செல்போனில் அலாரம் வைத்து ஆரம்பித்தோம். முதல் சுற்றிலேயே மச்சான் பதறிப்போய் ஒரு ஆட்டுக்கு மூன்று கோதுமை கொடுத்தான். வாங்கிப் போட்டுக்கொண்டது அவனுடைய அக்கா. ஆட்டம் பறந்தது. ஆஹா என்றிருந்தேன்.

“ஷாட் கிளாக் இருந்தா டைம் அவுட்டும் இருக்கணும்ல அத்தான்?” என்றான் மச்சான்.

நியாயம்தான். ஆட்டத்தை நிறுத்திவைத்து யோசிக்கும் அந்த இடைவேளை என்.பி.ஏ.வில் அணிக்கு ஏழு. நாங்கள் ஆளுக்கு மூன்று என்று முடிவு செய்தோம். உடனே தணிக்கைக்காரன், “அப்ப சேலஞ்சும் வேணும்டா” என்றான். நடுவர் தீர்ப்பை எதிர்த்துப் பயிற்சியாளர் முறையிடும் ஏற்பாடு 2019-20 சீசனில் வந்தது. முறையீடு செய்ய ஒரு டைம் அவுட்டைப் பணயம் வைக்கவேண்டும், தோற்றால் அதுவும் போச்சு. இவன் விதிப்புத்தகத்தோடு பிறந்தவன். தோற்கவே மாட்டான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ‘கடைசி இடத்தில் வருபவருக்கு அடுத்த ஆட்டத்தில் முதலில் இடம் பிடிக்கும் உரிமை’ என்று, தோற்ற அணிக்குப் புது வீரரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை தரும் என்.பி.ஏ.வின் டிராஃப்ட் முறையையும் கொண்டுவந்தோம் பாருங்கள், அன்றைக்கு ஆரம்பித்தது வினை. பத்துப் புள்ளி எட்டாது என்று தெரிந்த நிமிடமே தணிக்கைக்காரன் தோற்பதில் மும்முரமாகிவிட்டான். பாலைவனத்தைச் சுற்றிச் சாலை போட்டான். ஒரு தாது கேட்டால் இரண்டு கொடுத்தான். அதைப் பார்த்த மச்சான், விடுவேனா என்று, கட்டவேண்டிய வீட்டைக் கட்டாமல் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேர் உயிரைக் கொடுத்துத் தோற்க, அரை மணி நேரத்தில் என் மனைவி ஜெயித்துவிட்டு எழுந்து போனாள்.

என்.பி.ஏ.வும் இதில் அடிபட்டதுதான். வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற பேச்சு எழுந்த பிறகு 1985-ல் குலுக்கல் கொண்டுவந்தார்கள். அப்படியும் அடிமட்டத்தில் கிடப்பதே லாபம் என்று சில அணிகள் வருடக்கணக்கில் கிடந்தன. 2019 குலுக்கலில், முதல் இடத்துக்கு மிக மோசமான மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான் என்று ஆக்கினார்கள். கடைசியாக வருவதில் தனிப் பெருமை இல்லாமல் போனது. நாங்களும் துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்க ஆரம்பித்தோம்.

அதில் முதல் இடம் மச்சானுக்கு விழுந்தது. பகடையில் எந்த எண் விழுகிறதோ, அந்த எண்ணுள்ள இடத்தில் வீடு வைத்திருப்பவருக்குத்தான் சரக்கு. இவன் போய் 12-ல் வீடு வைத்தான். கட்டானில் எண் வில்லைகளின் அடியிலேயே புள்ளி போட்டிருக்கும். 6-க்கும் 8-க்கும் ஐந்து புள்ளி, 12-க்கு ஒன்று. 36-ல் ஒரு தடவைதான் வரும் என்று எழுதி ஒட்டியதற்குச் சமம். “என் பிறந்த தேதி அத்தான், கைவிடாது” என்றான். எனக்கு வில்ட் சேம்பர்லெய்ன் ஞாபகம் வந்தார். ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ‘ஃப்ரீ த்ரோ’வைக் கூடையில் போடத் தடுமாறிய அந்த என்.பி.ஏ. மகான், இரண்டு கையாலும் பந்தைத் தொடையருகிலிருந்து மேலே வீசும் பாணிக்கு மாறி, 1962 மார்ச் 2 அன்று 32-ல் 28 போட்டார். அன்றைய மொத்தக் கணக்கு 100 புள்ளி. அப்புறம், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அந்தப் பாணியையே விட்டுவிட்டார். பயன் கண்ணுக்குத் தெரிந்தும் ஸ்டைலுக்காக விடுகிறவரை யார் என்ன செய்யமுடியும்? வில்ட்டாவது நூறு அடித்தார். மச்சானுக்கு அன்று 12 வரவேயில்லை.

என்.பி.ஏ.வில் எனக்குப் பிடிக்காதது கடைசி இரண்டு நிமிடம். ஃபவுல், டைம் அவுட், ரீப்ளே, மறுபடி ஃபவுல் என்று கால் மணி நேரம் இழுப்பார்கள். 2017-ல் டைம் அவுட்டுகளைக் குறைத்தும் பெரிதாக மாறவில்லை. எங்கள் மேஜையிலும் யாராவது எட்டுப் புள்ளியைத் தொட்டதும் இதே கூத்து. அன்றைக்கு எனக்கு ஒன்பது. கையில் நகரம் எழுப்பத் தேவையான மூன்று தாதுவும் இரண்டு கோதுமையும் தயார். மச்சான் டைம் அவுட், தணிக்கைக்காரன் சேலஞ்ச், மச்சான் மறுபடி டைம் அவுட். எல்லாம் முடிந்து பகடை என்னிடம் வந்தது. உருட்டினேன். சீட்டை வைப்பதற்கு முன், இந்த இழுவை ஏன் ஆட்டத்துக்கே கேடு என்று நாலு வார்த்தை சொல்லலாமே என்று தோன்றியது.

பயஸோன் வரை வந்திருப்பேன். அலாரம் அடித்தது.

மனைவி பகடையை எடுத்துக்கொண்டாள். நான் சேலஞ்ச் என்றேன். “டைம் அவுட் கையில இருக்கா?” என்றான் தணிக்கைக்காரன், புத்தகத்தை மூடியபடி. இல்லை. அந்தச் சுற்றிலேயே அவள் பத்தைத் தொட்டாள்.

அதன்பின் அவள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். கடிகாரம் ஓடும்போது கூடைப்பந்து பேசக்கூடாது, டைம் அவுட் எடுத்துவிட்டுத்தான் பேசவேண்டும். மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. என்னுடைய மூன்றும் ஆட்டம் பாதியைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடுகிறது. இப்போதெல்லாம் மச்சானிடம்தான் வாங்குகிறேன். ஒரு டைம் அவுட்டுக்கு நாலு ஆடு கேட்கிறான். இதற்கு மட்டும் யோசிப்பதே இல்லை.