500 யூனிட்டைத் தாண்டக்கூடாதுன்னு எங்க வீட்டுல பண்றதெல்லாம்

எங்க அப்பா தினசரி காலண்டர் தாள்லதான் கரண்ட் மீட்டர் ரீடிங் எழுதி வைப்பார், ரெண்டு மாச பில் கணக்கு முடியப்போகுதுன்னா அயர்ன் பண்றதையே தள்ளிப் போட்டுடுவார், சொந்தக்காரங்க இதை கஞ்சத்தனம்னு சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. தமிழ்நாட்டுல வீட்டு கரண்ட் கணக்கே அப்படித்தான். 2022 செப்டம்பர்ல வந்த ரேட்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் ஓடினா 1,725 ரூபா, 501 ஆயிடுச்சுன்னா 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா! ஏன்னா அந்த ரேட்ல 500க்குள்ள இருந்தா முதல் நூறு ஃப்ரீ, அடுத்த நூறு 2 ரூபா 25 காசு, தாண்டிட்டா அந்த ரெண்டாவது நூறுக்கும் 4 ரூபா 50 காசு போட்டுடுவாங்க. 2024 ஜூலைல ரேட் இன்னும் ஏறுச்சு, அப்பவும் இந்த 500 கோடு மட்டும் மாறல. அதனால கடைசி வாரத்துல துணியை சுருக்கத்தோட போட்டுட்டுப் போறதுல ஒரு வெட்கமும் இல்ல.

எங்கெங்க கரண்ட் போகுதுன்னு கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேணாம், மீட்டரே போதும். அதுல ஒரு சின்ன சிவப்பு லைட் மின்னிட்டே இருக்கும் பாருங்க, எங்க மீட்டர்ல பக்கத்துலயே 3200னு போட்டிருக்கு, அத்தனை தடவை மின்னினா ஒரு யூனிட்னு அர்த்தம். ராத்திரி எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஃபிரிட்ஜையும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டு டார்ச் எடுத்துட்டுப் போய் நின்னு பாருங்க. அப்பவும் மின்னுச்சுன்னா ஏதோ ஒண்ணு தின்னுட்டு இருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுல அது செட்டாப் பாக்ஸ். ரிமோட்ல ஆஃப் பண்ணினா டிவிதான் இருட்டாகுது, பாக்ஸ் ஓடிட்டேதான் இருக்கு. பத்து வாட்டுன்னே வச்சுக்கோங்க, நாள் பூரா ஓடினா ரெண்டு மாசத்துல 14 யூனிட். அயர்ன் பாக்ஸ் போட்டுட்டுப் போய் பாத்தா விநாடிக்கு ஒண்ணுன்னு மின்னும், வாட்டர் ஹீட்டர் போட்டா அதை விட வேகம்.

சூடு பண்ற சாமானும் நாள் முழுக்க ஓடற சாமானும்தான் பில்லை ஏத்துது. பழைய ஃபேன் 75 வாட், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட்டுக்கு மேல போகும், பிஎல்டிசி ஃபேன்னு கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் வச்ச ஃபேன் 30 வாட்தான், அது 27 யூனிட்ல முடிஞ்சுடும். விலை ஜாஸ்திதான், ஆனா ஹால் ஃபேன் ஒண்ணையாவது மாத்துங்க, கோட்டுக்கு மேல நிக்கற வீடுன்னா கண்டிப்பா மாத்துங்க. ஹீட்டர் தினமும் கால் மணி நேரம் போட்டாலே 30 யூனிட், சென்னை வெயில்ல மொட்டை மாடி டேங்க்ல வர்ற தண்ணியே சாயங்காலம் சுடுதே, அப்புறம் எதுக்குங்க?

சும்மா சொருகியிருக்கற போன் சார்ஜரைப் பிடுங்கறதுக்காக வீடு முழுக்க சுத்தறவங்க இருக்காங்க, அதுல மிச்சமாகறது ஒண்ணுமே இல்ல. ராத்திரி பூரா ஃபிரிட்ஜை நிறுத்தி வைக்கறதும் தப்பு, பால் கெட்டுப்போகும், காலைல திரும்ப குளிர வைக்க கம்ப்ரெசர் விடாம ஓடும். அதே மாதிரி வீட்டுல பெரியவங்க இருந்தா பாத்ரூம் லைட்டை மட்டும் அணைக்கச் சொல்லாதீங்க ப்ளீஸ், 9 வாட் எல்இடி ராத்திரி பத்து மணி நேரம் எரிஞ்சாலும் ரெண்டு மாசத்துக்கு அஞ்சரை யூனிட்தான்.