தெருமுனை திரும்பியதும் போன் கால் கட் ஆவது ஏன்?

பேசிக்கொண்டே தெருமுனை திரும்பியதும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது, கால் கட்டாகிறது. போனைப் பார்த்தால் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது! அந்தக் கோடுகள் புது செல்லுடையவை (செல் என்றால் ஒரு டவர் ஆன்டெனாவின் சிக்னல் பகுதி). பார்ப்பதற்குள் போன் அதில் ஏறிவிட்டது. அங்கே முன்னதாகவே மாறச் சொல்லும் உத்தரவுதான் வந்து சேரவில்லை.

எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், ஹேண்டோவரை (ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை) தீர்மானிப்பது நெட்வொர்க். போன் அளந்து சொல்லும், அவ்வளவுதான். பக்கத்து செல் இப்போதைய செல்லைவிட 3 டெசிபல் கூடுதலாக, 320 மில்லிசெகண்ட் தொடர்ந்து இருந்தால் அறிக்கை போகும் என்று வைத்திருப்பார்கள். இதுதான் ஏ3 நிகழ்வு. அறிக்கை போவதும் உத்தரவு வருவதும் பழைய செல் வழியாகத்தான், அதுவும் அது மங்கிக்கொண்டிருக்கும்போது.

மங்கினால் மாடுலேஷன், அதாவது அலையில் பிட்களை ஏற்றும் முறை, எளிய படிக்கு இறங்கும். டவர் அருகே 64குவாம் என்ற முறை, ஒரு சிம்பலுக்கு (ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டுக்கு) 6 பிட். ஓரத்தில் கியூபிஎஸ்கே, 2 பிட். ஒவ்வொரு பிட் சேர்க்கையையும் ஒரு புள்ளியாக வரைந்தால், ஒரே சராசரி பவரில் கியூபிஎஸ்கே புள்ளிகளின் இடைவெளி சுமார் நாலரை மடங்கு அதிகம், அதனால் இரைச்சலையும் தாங்கும். ஆனால் கட்டடம் மறைத்ததும் பழைய செல் −115 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு), புதியது −85 என்றாகிவிடுகிறது. இரண்டும் ஒரே அலைவரிசை. புது செல் மும்முரமாக இருந்தால் அதன் சிக்னலே இரைச்சலாகி, பழையது அதற்கு 30 டெசிபல் கீழே. கியூபிஎஸ்கே-க்குக் கீழே இறங்க வேறு படியும் இல்லை.

பிறகு பழைய செல் மீள்கிறதா என்று போன் காத்திருக்கும் டி310 டைமர் ஓடும், பெரும்பாலும் 1 விநாடி. முடிந்ததும் போன் தானே ஒரு செல்லைத் தேடி மறு இணைப்பு கேட்கும். அந்த செல்லிடம் இந்தப் போனின் விவரம் இருந்தால் கால் பிழைக்கும்.

நீங்கள் நெட்வொர்க்கைப் பராமரிப்பவர் என்றால், சரிசெய்ய எடுத்தவுடன் அந்த 320 மில்லிசெகண்ட் காத்திருப்பு நேரத்தில் கைவைக்காதீர்கள், அது அந்த செல்லில் உள்ள எல்லோரையும் பாதிக்கும். முதலில் லாக் (நிகழ்வுப் பதிவு) பாருங்கள். அறிக்கை டவருக்கு வந்தும் உத்தரவு கிளம்பவில்லையா? டவரிடம் உள்ள நெய்பர் (பக்கத்து செல்) பட்டியலில் அந்த செல் விடுபட்டிருக்கலாம். செல்லை அடையாளம் காட்டும் பிசிஐ எண்கள் மொத்தமே 504. பக்கத்தில் இரண்டு செல்லுக்கு ஒரே எண் விழுந்திருந்தால் உத்தரவு தவறான செல்லுக்கு அனுப்பிவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தால் அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் செல் ஆஃப்செட் (ஒப்பிடும்போது பக்கத்து செல்லுக்குச் சேர்க்கும் சலுகை) 4 டெசிபல் கொடுங்கள். புது செல் 1 டெசிபல் குறைவாக இருக்கும்போதே அறிக்கை போய்விடும். எதிர்த்திசைக்கு −4 போட மறக்கக் கூடாது. மறந்தால் போக வர உள்ள இடைவெளி 6-லிருந்து (3+3) 2 டெசிபலாகச் (3−1) சுருங்கி, போன் இரண்டு செல்லுக்கும் இடையே மாறி மாறிப் பிங்-பாங் ஆடும்.