கல்லறைத் திருநாளும் கருப்பட்டியும்: மணப்பாட்டில் ஒரு பகல்

2025ஆம் ஆண்டில் நவம்பர் 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அதனால், விடுப்புக் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் எங்கள் உறவினர்களுக்கு, இறந்தவர்களை நினைவுகூரும் அன்றைய கல்லறைத் திருநாளுக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. மதுரையிலிருந்து இருட்டோடு இரண்டு வண்டிகளில் புறப்பட்டு, எட்டயபுரத்தில் தேநீர் குடித்து, தூத்துக்குடியைச் சுற்றிக்கொண்டு திருச்செந்தூர் சாலையைப் பிடித்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதால் வழிநெடுக உப்பளப் பாத்திகளில் செம்மண் நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கோடையில் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆத்தூரில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பெரியப்பா வெற்றிலை வாங்கினார். அந்த ஊர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது அவருக்குத் தெரியும். கிடைக்காமல் இருந்திருந்தாலும் அங்கேதான் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

மணப்பாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியதும் வரும் கடற்கரைச் சிற்றூர் அது. கடலை நோக்கி நீளும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும், அதன் கீழே, 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கடற்கரைப் பகுதிக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இருக்கின்றன. செப்டம்பர் 14 அன்று நடைபெறும் சிலுவைத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால், கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் குறைவுதான். ஆனால் அன்று வருகிற ஒவ்வொருவரும் இந்த ஊர்க்காரர்கள், அல்லது ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள். தெருவில் எதிர்ப்படும் முதியவர்கள் நம் பெயரைக் கேட்பதில்லை; யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள்.

குருவானவர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு மாலையில்தான் என்பதால் பகல் முழுவதும் வேலைக்குக் கிடைத்தது. முந்தைய வாரம் பெய்த மழையில் மணல் இறங்கி, எங்கள் குடும்பக் கல்லறையின் தலைமாட்டுச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடப்பங்கொடி மேலேறிப் படர்ந்து, பாட்டியின் பெயர் இருந்த இடத்தையே மூடிவிட்டிருந்தது. அந்தக் கொடியை இழுத்தால் எளிதில் வராது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பற்றியிருக்கும். ஒரு கையால் மணலைத் தள்ளி, மறுகையால் வேரைத் தேடிப் பிடுங்க வேண்டும். நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்தபோது, சித்தப்பா முதல்நாள் இரவே ஊறவைத்திருந்த சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சிறிது நீலத்தைக் கரைத்து ஊற்றிக் கலக்கினார். நீலம் சேர்க்காத சுண்ணாம்பு காய்ந்ததும் மஞ்சள் தட்டிவிடும் என்பார். உப்புக்காற்று ஒரு வருடத்துக்குள் எப்படியும் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் அடிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனுக்குப் பிடிக்காதது அதுதான். பக்கத்துக் கல்லறைகள் பல இப்போது கறுப்புக் கிரானைட்டுக்கு மாறி, இறந்தவரின் படத்தைப் பொறித்துப் பளபளவென்று நிற்கின்றன. ஒரு முறை செலவு செய்துவிட்டால் பிறகு துடைத்தால் போதும், இத்தனை பேர் வெயிலில் குனிந்து நிமிர வேண்டாம் என்பது அவன் வாதம். செலவில் பெரும்பங்கைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னான். வெறும் பகட்டுக்காகச் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. முழங்கால் வலியோடு மணலில் உட்கார்ந்திருந்த தன் தந்தையைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

ஆனால் எங்களுடையது ஒருவருக்கான கல்லறை அன்று. பாட்டி இறந்தபோது தாத்தாவின் குழியைத்தான் திறந்தார்கள். கிடைத்த எலும்புகளைப் புதுத் துணியில் கட்டி ஓர் ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினார்கள். கல்லறைக்கு இடம் போதாத ஆலயப் பங்குகளில் இது வழக்கமானதுதான். கிரானைட்டைப் பதித்துவிட்டால் அடுத்த சாவுக்கு அதை உடைக்க வேண்டும், அல்லது வேறு இடம் தேட வேண்டும். பெரியப்பா இதை, "அடுத்து நான்தான்டா உள்ளே போகணும், எனக்கு எதுக்குடா கல்லை உடைக்கிற வேலை வைக்கிற?" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார். எல்லோரும் சிரித்தோம், பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கருத்தும் சுண்ணாம்பின் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. துடைத்தால் போதும் என்றாகிவிட்ட கல்லறைக்கு ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போவார். மற்றவர்கள் படம் அனுப்பச் சொல்வார்கள். சுண்ணாம்புக்கு நான்கு கைகளாவது வேண்டும்.

மதிய உணவு அத்தை வீட்டில். இந்தக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவதில்லை என்பதால், சனிக்கிழமையே வாங்கி வைத்த சீலாமீனைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தார். அதைப் பற்றி மேலும் எழுதினால் இந்தப் பதிவு திசைமாறிவிடும்.

உண்ட களைப்பில் பெரியவர்கள் படுத்துவிட, நாங்கள் உடன்குடிக்குப் போனோம். உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்றதுதான். பதநீர் இறக்கும் பருவம் கோடையோடு முடிந்துவிடுகிறது. நவம்பரில் கடைகளில் இருப்பவை அப்போது காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்து இருப்பு வைத்தவை. மழைக்காலத்து ஈரத்தில் கருப்பட்டி மேற்பரப்பில் கசியும் என்பதால் சில வீடுகளில் இன்றும் அடுப்புக்கு மேலே பரணில் வைக்கிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி எங்கும் பரவிவிட்ட காலத்தில், அத்தை சொல்லிக்கொடுத்த சோதனைதான் எனக்குத் துணை: உடைத்த துண்டைக் கடித்தால் இனிப்போடு இலேசான கரிப்பும் நாக்கில் தட்ட வேண்டும், வெறும் இனிப்பாக இருந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்க வேண்டும். வீட்டுக்குக் கருப்பட்டியும், வழியில் கொறிக்கச் சுக்கும் ஏலமும் சேர்த்த சில்லுக் கருப்பட்டியும் வாங்கினோம். சென்னைக்காரன் கேட்ட பனங்கிழங்குக்கு இன்னும் காலம் வரவில்லை. அது பொங்கலை ஒட்டித்தான் வரும்.

மாலைத் திருப்பலியை நிறைவேற்றிய குருவானவருக்கு அது அன்றைய மூன்றாவது. இறந்தோர் நினைவு நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்ற அனுமதியை, முதல் உலகப் போரின் சாவுகளுக்கு நடுவே 1915இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் உலகெங்கும் உள்ள குருக்களுக்கு வழங்கினார். களைத்திருந்தாலும் அவர் எந்தக் கல்லறையையும் விட்டுவிடாமல், வரிசை வரிசையாக நடந்து தீர்த்தம் தெளித்தார். மெழுகுவர்த்திகள் காற்றில் நிற்கவில்லை. மணலில் குழி பறித்து உள்ளே நட்டு வைத்தவர்களுடையவை மட்டும் எரிந்தன. ‘நித்திய இளைப்பாற்றி’ என்று தொடங்கும் மன்றாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் பெரிய தூறல் பிடித்துக்கொண்டது. ஈரம் முழுதாக உலராத எங்கள் சுண்ணாம்பில் துளிகள் விழுந்து கோடுகள் இறங்கின. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, டிசம்பரில் ஒரு கோட்டிங் கொடுத்துக்கொள்ளலாம் என்றார். கிரானைட்டைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. சென்னைக்காரன் டிசம்பரில் எந்தச் சனிக்கிழமை என்று கேட்டான்.

திரும்பும் வழியில் தூத்துக்குடியில் இறங்கிப் பொரித்த புரோட்டா சாப்பிட்டோம். பிறகு மக்ரூன் வாங்கினோம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, காகிதக் கூம்பிலிருந்து பிழிந்து மெல்லிய சூட்டில் உலர வைக்கும் பண்டம் அது. ஈரக்காற்றுப் பட்டால் சீக்கிரம் நமத்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் வாங்குகிறவர்கள் கடைப் பொட்டலத்தை நம்பாமல் இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எங்கள் வண்டியில் டப்பா இருந்தது. ஆனால் அதை மூட யாரும் விடவில்லை. எட்டயபுரம் வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. வர முடியாமல் மதுரையில் இருந்த சின்ன அத்தைக்கென்று பெரியம்மா தனியாக முடிந்து மடியில் வைத்துக்கொண்ட பொட்டலம் மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது.