அம்பாசடரின் இடது பின்சக்கரம்

வண்டி மார்க் 4 அம்பாசடர். 1979 முதல் 1990 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் இருந்து வந்த வகை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பல மழைக்காலங்களாகக் கொட்டகையில் நின்றிருந்த வண்டியைச் சீரமைப்பதற்காக வெளியே தள்ளியபோது, மற்ற மூன்று சக்கரங்களும் உருண்டன. இடது பின்சக்கரம் மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட்டது.

யோசனைக்குப் பஞ்சமில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "கிரவுன் பினியன் போயிருக்கும் சார், ஹவுசிங்கை இறக்கிவிடலாம்" என்றார். கிரவுன் பினியன் என்பது எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. ஹவுசிங், அதை மூடியிருக்கும் கூடு. பக்கத்து வீட்டு மாமாவோ, எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரில் கிளட்சைச் சடாரென்று விட்டால் தானாக விட்டுவிடும் என்றார். முன்னது பர்ஸைக் காலி செய்யும். பின்னது உள்ளே சிக்கியிருப்பது எதுவானாலும் அதைச் சுக்குநூறாக்கும். எதையும் பிரிக்காமல் வெளியே இருந்தே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று முதலில் பார்க்க நினைத்தேன்.

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தேன். இந்த வேலையில் ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. சந்தேகப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்தேன்.

நோய் இடதில் இருந்தாலும் விசாரணையை வலது சக்கரத்தில்தான் தொடங்கினேன். அதைக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றியது. கீழே படுத்துப் பார்த்தால், கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்டும் கூடவே சுற்றுகிறது. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்கு மேல் வந்துவிட்டது. ஒரு பக்கம் பிடித்து நிற்கும்போது, இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். கடகடப்போ தடங்கலோ இல்லை. கிரவுனும் பினியனும் நிரபராதிகள். கோளாறு இடது ஓரத்தில் இருக்கிறது: பேரிங், அல்லது பிரேக்.

பிரேக் என்றால் அதிலும் மூன்று வழி: ஆயில் வரும் ஹோஸ், ஹேண்ட் பிரேக், அல்லது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும் அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவும். ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், போன ஆயில் திரும்பி வராமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஆனால் இந்த வண்டியில் பாடியில் இருந்து ஆக்ஸிலுக்கு ஒரே ஹோஸ்தான் வருகிறது. அங்கிருந்து இரும்புக் குழாய்கள் இரு பக்கமும் பிரிகின்றன. ஹோஸ் குற்றவாளி என்றால் வலதும் இறுகியிருக்க வேண்டும். இருந்தாலும் பிரேக் ஆயிலை வெளியேற்றும் இடது நிப்பிளைத் திறந்து பார்த்தேன். பீய்ச்சி அடிக்கவில்லை, காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் நாலு சொட்டு வடிந்தது. சக்கரம் அசையவில்லை. ஹேண்ட் பிரேக் இணைப்பை இடது பக்கத்தில் கழற்றிவிட்டேன். அப்போதும் அசையவில்லை.

துப்பு கிடைத்தது அதன் பிறகுதான். சக்கரத்தை முன்னோக்கி அழுத்தினால் சுவர் மாதிரி நின்றது. பின்னோக்கித் தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் தாராளமாகப் போய், டக்கென்று நின்றது. துருப்பிடித்து ஷூ டிரம்மோடு ஒட்டியிருந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்கும். பேரிங் என்றால் கரகரக்கும், அல்லது மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் காட்டும். இங்கே இரண்டும் இல்லை. ஏதோ ஒன்று ஆப்பு போல உள்ளே செருகியிருக்கிறது.

ஷூவை டிரம்முக்கு நெருக்கி வைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரத்தையும் டிரம் திருகுகளையும் கழற்றிய பிறகும் டிரம் வரவில்லை. துரு நீக்கும் எண்ணெயை ஓரத்தில் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் எண்ணெய் பட்டுக் கெடுமே என்று யோசிக்கத் தேவையில்லை, எப்படியும் புதிதுதான் போடப் போகிறோம். மறுநாள் மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்ட, பாதி வந்து சிக்கியது. பின்னோக்கி இருந்த அந்த ஓர் அங்குலத்தில் திருப்பிக்கொண்டே இழுத்தபோது கழன்றது.

உள்ளே ஒரு ஷூவில் வெறும் இரும்பு மட்டுமே மிச்சம். முன்பு யாரோ போட்டிருந்தது ரிவெட் அடித்த லைனிங் அல்ல, பசையில் ஒட்டியது. பசைக்கு அடியில் துரு ஏறி, லைனிங்கையே மேலே நெம்பியிருக்கிறது. அது இரண்டாக உடைந்து, ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறி டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையில் சிக்கியிருந்தது. துண்டின் முனை டிரம்மில் தேய்ந்து பளபளத்தது. சக்கரம் பொருந்தும் ஆக்ஸில் ஃபிளாஞ்சைக் கையால் சுற்றினேன், வழுக்கிக்கொண்டு சுற்றியது. பேரிங்கும் தப்பித்தது.

பிரேக் தூசியை மட்டும் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டி எறிந்துவிட்டேன்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் ஒரு பக்கம் துருக்குழி விழுந்திருந்ததால், உள் ரப்பர்களை மட்டும் மாற்றும் கிட் போடாமல் சிலிண்டரையே மாற்றினேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம்தான் சிலிண்டரை அரிக்கிறது. டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்து வாங்கினேன். ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்த வலது பக்கத்தையும் திறந்து, லைனிங்கின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். அப்பளம் போல அப்படியே பெயர்ந்து வந்தது. இரு பக்கமும் ரிவெட் லைனிங் போட்டாயிற்று.