மணியடிச்சான் பாறைக்கு மணிக்கூண்டு இல்லை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் புதுக்கோவில் கட்டப்போகிறோம். கட்டடக் குழுவில் எங்கள் அன்பியத்தின், அதாவது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவின், சார்பாக என்னையும் சேர்த்தார்கள். முதல் கூட்டத்தில் வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். இரட்டைக் கோபுரம், முகப்பு முழுக்கக் கிரானைட், பொன்னிறம் பூசிய தூண்கள், பீடத்துக்குப் பின்னால் நிறம் மாறும் விளக்குகள். பக்கத்துப் பங்குக் கோபுரத்தைவிட நம்முடையது பத்தடியாவது கூட இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னதும் கைதட்டல் கேட்டது. குடும்பத்துக்கு 25,000 ரூபாய் வரி என்று முடிவானது.

எங்கள் அன்பியத்தில் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசம் ஐந்நூறு வெச்சுத் தந்தா எடுப்பினுமா பிள்ளே?" என்று கேட்டார். ஐம்பது மாதம். நான்கு வருடத்துக்கும் மேல். அன்றிலிருந்து என்னால் நிம்மதியாகச் செபமாலை சொல்ல முடியவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒருசந்தி நோன்பு இருந்து, மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஐம்பது வருடம் கொத்தனாராக வேலை செய்தவர், அதில் பாதி திருவனந்தபுரத்துப் பக்கம். கோவில்களைப் பார்க்க வேண்டும், செபிக்க வேண்டும், அதன் பிறகுதான் குழுவில் வாய் திறக்க வேண்டும் என்பது என் எண்ணம். "சரி மக்களே, போயிட்டு வருவோம்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

முதலில் இறங்கியது புலியூர்க்குறிச்சியில். உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத பழைய கோவில் ஒன்று நிற்கிறது. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவை எடுத்துச் சொன்னவர் இவர்தான். அந்த நீலகண்ட பிள்ளைதான் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

மேலே பார்த்தேன். ஓடும் இல்லை, உத்திரமும் இல்லை, வானம்தான். ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது. சாலமோன் எருசலேமில் அத்தனை பொன்னும் கேதுருவும் கொண்டு கோவில் எழுப்பிவிட்டு, வானமே உம்மைக் கொள்ளாதே, நான் கட்டிய இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று கைவிரித்து நின்றது நினைவுக்கு வந்தது. மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவருக்க கனத்தைப் பாத்தியா? அப்பம் கட்டினவன் அவசரப்படல்ல."

பக்கத்திலேயே முட்டிடிச்சான் பாறை. கிறிஸ்தவரானதற்காகக் கைதுசெய்து விலங்கிட்டு இழுத்து வந்தபோது தாகத்தால் துவண்ட தேவசகாயம் செபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்ததாக எங்கள் பாட்டிமார் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். பாறையில் இருப்பது ஒரு சிறு குழிதான். அதைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வருகிறார்கள். நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டோம்.

கோட்டாறு போய்ச் சேரும்போது உச்சிவெயில். சவேரியார் கோவிலுக்குள் பீடத்தை நோக்கிப் போனால் தேவசகாயத்தின் கல்லறை. 2012 டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோது நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். 2022 மே 15இல் ரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்ததை வீட்டில் டிவியில் பார்த்து அழுதேன். இந்தமுறை கல்லறைக்கு அருகே முழந்தாளிட்டபோது அண்டியாபீஸ் அக்காவின் விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

வெளியே நிழலில் உட்கார்ந்து மாமாவிடம் மனதில் இருந்ததைக் கொட்டினேன். நான் அழகுக்கு எதிரியல்ல. சிக்கனம் என்ற பெயரில் தகரக் கூரை போட்டுக் கல்யாண மண்டபம் போலக் கட்டிய கோவில்களிலும் பூசை கண்டிருக்கிறேன். வெயிலில் கூரை கொதிக்கும், மழையில் சாமியாரின் சத்தம் கேட்காது. எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், அண்டி உடைக்கிறவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும் அவர்கள் வாழ்க்கையில் நுழையக் கிடைக்கிற ஒரே பெரிய, அழகான அறை கோவில்தான். அதையும் குடோன் மாதிரிக் கட்டிக் கொடுத்து "ஏழைகளுக்கு இது போதும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் விலையும் அழகும் ஒன்றல்ல. புதிதாகக் கட்டிய ஒரு கோவிலில் முழந்தாளிட்டபோது எதிரே பளபளத்த தரையில் என் முகமே தெரிந்தது. நற்கருணைப் பேழையை நோக்கித் திரும்ப வேண்டிய கண், சுற்றிச் சுற்றி விளக்குகளில் போய் மாட்டிக்கொண்டது. ஒலிபெருக்கியின் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, வாசகத்தில் ஒரு சொல்லும் தெளியவில்லை. அத்தனை கோடியும் செபத்துக்குக் குறுக்கே நின்றது.

"திருச்சபை இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்று மாமா கேட்டார். சொல்லியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், 124ஆம் எண்ணில், வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்றும், கோவில்கள் மக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்கெடுக்க ஏற்றவையாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இன்ன பாணிதான் திருச்சபைக்குச் சொந்தம் என்பதும் கிடையாது, ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு நாடும் தன் கலையைக் கொண்டுவரலாம் என்று அதற்கு முந்தைய எண் சொல்கிறது. இந்தக் கேள்வி நம் ஊரோடு நிற்கவும் இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பேராலயத்தை 2002இல் திறந்தபோது செலவு ஏறத்தாழ 19 கோடி டாலர். அங்கேயும் இந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வண்ணக் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைக் கல் பலகைகளைச் சன்னல்களில் பதித்து, ஒளியைப் பால் போல உள்ளே இறக்கியிருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

"ஒளிக்கு இவ்வளவு பைசா வேண்டாம் மக்களே" என்றார் மாமா. வாலிபத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்தில் லயோலா சிற்றாலயத்தைப் பார்த்ததைச் சொன்னார். 1970களின் தொடக்கத்தில் லாரி பேக்கர் கட்டியது. பேக்கர் கத்தோலிக்கர் அல்ல, குவேக்கர் சபைக்காரர். பூச்சு இல்லாத செங்கல் சுவர், அதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சாலரம். "வெயிலு உள்ள வரும்போ துண்டு துண்டா விழும். காத்தும் அது வழியே வரும். ஒரு கொத்தனாருக்க கைவேலை அம்புட்டும் அந்தச் சுவருல தெரியும் கேட்டியா? நானும் செங்கல்லைத்தான் வெக்கேன், அந்த மனுசனும் செங்கல்லைத்தான் வெச்சிருக்காரு. அண்ணைக்கு எனக்குத் தூக்கம் வரல்ல."

பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவர்மேல் ஊற்றிய பெண்ணைப் பற்றிக் கேட்டேன். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்களை இயேசு கண்டித்தாரே, அப்படியானால் கோவிலுக்கு எவ்வளவு செலவழித்தாலும் தகும்தானே? குழுவில் அந்த வசனத்தைத்தான் எல்லாரும் சொன்னார்கள். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அந்தத் தைலம் அவளுக்க தைலமாக்கும். ஊருல வரி போட்டு வாங்கினதில்ல."

எழுந்து மறுபடி உள்ளே போய்க் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டேன். இத்தனை வருடம் அந்த நற்செய்தியைக் கேட்டும் எனக்கு இது தோன்றவே இல்லை.

கோட்டாற்றிலிருந்து ஆரல்வாய்மொழி. காற்று உச்சத்தில் இருக்கும் மாதம் இல்லைதான், ஆனாலும் கணவாய்க் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. காற்றாடி மலையில் 1752 சனவரி 14 அன்று தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் சாகும்போது பெயர்ந்து விழுந்து மணி போல ஒலித்ததாகச் சொல்லும் பாறைதான் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் இன்றும் கணீரென்று கேட்கிறது. ஒரு சிறுவன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். மணிக்கூண்டு இல்லாத மணி. அந்த ஒலி கேட்டு மாமா தொப்பியைக் கழற்றினார்.

மாலையில் கன்னியாகுமரி. அலங்கார உபகார மாதா கோவிலின் வெள்ளைக் கோபுரம் பேருந்திலிருந்தே தெரிகிறது. நடுக்கோபுரத்தின் உயரம் 153 அடி. கோவிலின் நீளமும் 153 அடி, அகலம் 53. முழுச் செபமாலையின் மணிகள் 153. யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் வலையில் பிடிபட்ட பெரிய மீன்களும் அதே கணக்கு என்பது, கடல்கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது உடம்பைச் சிலிர்க்க வைத்தது. இது கோத்திக் பாணி, ஐரோப்பாவிலிருந்து வந்தது. கூர்முனை வளைவுகள் கண்ணை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகின்றன. ஆனால் உள்ளே மாதா நம்மூர்ச் சேலை கட்டி நிற்கிறாள். நேர்ச்சைச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். கோபுரம் எவ்வளவு உயரம் என்று அங்கே யாரைக் கேட்டாலும் செபமாலைக் கணக்கைத்தான் சொல்வார்கள். எங்கள் குழுவில் சொன்ன "பத்தடி கூட" என்ற அளவு எதிலிருந்து வந்தது என்று நினைத்தபோது மனம் கனத்தது.

எங்கள் மக்களின் ரசனையை நான் குறை சொல்லமாட்டேன். கோட்டாற்றுத் திருவிழாவில் பத்து நாளும் விளக்குத் தோரணம் எரியும்போது, டிசம்பர் 3க்கு முன்னால் தேர் வரும்போது, என் கண்ணும் நிறையும். திருவிழாவுக்கு அந்தப் பகட்டு வேண்டும். முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம், கோவில் திரும்பவும் அமைதியாகிவிடும். சுவரிலேயே பதித்துவிட்ட பகட்டைக் கழற்ற முடியாது, சாவு வீட்டுக்காரர்களும் அதன் கீழேதான் வந்து உட்கார வேண்டும்.

கடலோரமாக நடக்கையில் மாமா ஒரு கட்டடத்தைக் காட்டினார். தூணில் காங்கிரீட் உதிர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. "உப்புக்காத்து கம்பியத் தின்னும். உள்ள கம்பி ஊதி, மேல உள்ள காரையைப் பிளக்கும். உயரம் கூடக் கூட நோக்கிக்கிட ஆளும் பைசாவும் வேணும். கட்டினவன் போயிருவான், நம்ம பிள்ளைகதான் தாங்கணும்." அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்டு பூசி, ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரைக் கெடுத்த கோவில்களையும் எண்ணிச் சொன்னார்.

திரும்பி வரும் பேருந்தில் என்னிடம் பேனா வாங்கி, நோட்டீசின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தார். எங்கள் பழைய கோவிலின் பீடத்தை உடைக்காமல் அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் அகலப்படுத்தி, செங்கல் சாலரம் வைத்து, ஓட்டுக்கூரையை உயர்த்தி, ஒரே ஒரு மணிக்கூண்டு. தக்கலை வரும்வரை வரைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அந்தத் தாளை மேசையில் வைத்தேன். கோட்டாற்றில் மாமா சொன்னதையும் சொன்னேன். சிலர் கோபித்தார்கள், ஒருவர் எழுந்து போய்விட்டார். கோபுரத்தைப் பற்றி இன்னும் பேசி முடியவில்லை. வரி வேண்டாம், அவரவர் மனதுக்கும் கைக்கும் ஏற்றபடி கவரில் போட்டுத் தரலாம் என்பது மட்டும் முடிவானது. பழைய பீடத்தின் அளவை எடுத்துவரும்படி பங்குத்தந்தை சொன்னார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் மாமா டேப்போடு வந்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினேன். வேலைக்குப் போகிற வழியில் பூசைக்கு வந்த அண்டியாபீஸ் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார்.

"ஒம்பதடி நாலு அங்குலம்" என்றார் மாமா. எழுதிக்கொண்டேன்.